மடுவுக்கு மாற்றிய தாம்பூலம்

தூண்டிலும் கையுமாகக் கரையில் உட்கார்ந்திருக்கும் ஆளைக் கண்டால் இன்றைக்கும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவேன். பார்க்கிறவர்கள் சாது, பொறுமைசாலி, யார் வம்புக்கும் போகாதவர் என்று நினைப்பார்கள். அந்தச் சாதுக்களுக்கு வருஷக்கணக்கில் ஞாயிறு தவறாமல் சோறு வடித்துக் கொட்டியவள் நான். அவர்கள் எழுந்து போன இடத்தைக் கூட்டி அள்ளியவளும் நான்தான். அதனால் எனக்கு அந்த மரியாதையெல்லாம் வராது.

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் வில்லியனூர்க் கொம்யூனில், உறுவையாற்றைத் தாண்டி, சங்கராபரணி மடங்கித் திரும்புகிற இடத்தில் இருக்கிறது. அந்தத் திருப்பத்தில் ஒரு மடு. கோடையில் ஆறு முழுக்க மணலாகக் கிடந்தாலும் மடுவில் மட்டும் தண்ணீர் நிற்கும். மேலேயிருந்தும் கீழேயிருந்தும் மீனெல்லாம் அங்கே வந்து ஒதுங்கிக்கொள்ளும். விரால், கெளுத்தி, கெண்டை, குறவை என்று எது வேண்டுமானாலும் கிடைக்கும்.

ஆறு சர்க்காருடையதுதான். ஆனால் மடுவில் யார் வலை போடுவது என்பதை ஊர்தான் முடிவு செய்யும். தீமிதி முடிந்த மறுநாள் திரௌபதி அம்மன் கோயில் வாசலில் ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய் வைப்பார்கள். தட்டுக்கு ஒரு பக்கம் ஊர் நாட்டாமை உட்காருவார். எதிர்ப்பக்கம் மடுவைக் கேட்கிற ஆள் உட்காருவான். தட்டு நடுவில் இருக்கும். அது நடுவில் இருக்கிற வரைக்கும் யாரும் எதுவும் பேசலாம். "போன வருஷம் எங்க தெருவுக்கு மீனே குடுக்கல", "இவன் சின்னக் கண்ணி வலை போட்டு குஞ்சையெல்லாம் வாரிட்டான்" என்று நாலு பேர் கத்துவார்கள், ரெண்டு பேர் துண்டை உதறிக்கொண்டு எழுந்து போவார்கள், அவர்களைக் கூட்டிவருவார்கள். எல்லாம் அடங்கிய பிறகு நாட்டாமை தட்டை எடுத்து எதிர் ஆள் கையில் கொடுப்பார். தட்டு கைமாறிவிட்டால் அம்மனே கொடுத்த மாதிரி. அதற்கப்புறம் மூச்சு விடக்கூடாது.

ஊர் ஆளுக்குத்தான் கொடுப்பார்கள். ஒரு வருஷத்துக்குத்தான் கொடுப்பார்கள். கொடுப்பதும் வலைக்கு மட்டும்தான். கையால் தடவி மீன் பிடிக்கிற பெண்களை அந்தத் தட்டு கட்டுப்படுத்தாது. மடுவுக்கு மேற்கே இருந்த குடிசைகளில் அப்படி ஏழெட்டுப் பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ஒரு அக்காதான் எங்கள் வீட்டுக்கு மீன் கொடுப்பாள். புருஷன் செத்துப்போனவள், ஒரே மகள். கழுத்தளவு தண்ணீரில் உட்கார்ந்து சேற்றுக்குள் கையை விட்டுத் தடவுவாள். ரெண்டு கையிலும் மீன் அகப்பட்டுவிட்டால் ஒன்றைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றை இடுப்பில் கட்டிய ஓலைப்பறிக்குள் போடுவாள். கெளுத்தி முள் குத்திக் குத்தி அவள் விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருக்கும். வாய் மட்டும் காய்க்கவில்லை. எங்கள் கொல்லைப்பக்கம் வந்து நின்றால் ஊரில் யார் வீட்டில் என்ன அசிங்கம் என்பதெல்லாம் மீனோடு சேர்ந்து வந்துவிடும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள் புதுச்சேரியிலிருந்து ஒரு கார் வந்து மடுக்கரையில் நின்றது. இறங்கியவர்கள் தூண்டில் கிளப்புக்காரர்கள். டாக்டர், மில் ஆபீசர், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா ஒருவர், எல்லோரையும் இழுத்துக்கொண்டு வந்த ஒரு வக்கீல். வக்கீல்தான் கிளப்பின் செயலாளர். சுருள் வைத்த சீமைத் தூண்டில் வைத்திருந்தார்கள். வக்கீல் மடுவைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. பெண் பார்க்க வந்த வீட்டில் நகையை எடை போடுகிற மாமியார்களை நான் பார்த்திருக்கிறேன். அதே பார்வைதான்.

அவருக்கு ஒரு வருஷம் போதாது. நீண்ட காலத்துக்கு வேண்டும், வேறு யாரும் கிட்டே வரக்கூடாது. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் போய்க் கேட்டிருக்கிறார். ஊரில் தகராறு வராது என்றால் எங்களுக்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஊர் என்றால் நாட்டாமை. நாட்டாமை என் வீட்டுக்காரருடைய அண்ணன், என் மூத்தார்.

மூத்தாருக்குப் பெண்சாதி தவறிவிட்டார். சாப்பாடு எங்களோடுதான். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். யாராவது எழுந்து நின்று நாற்காலி போட்டால் போதும், மனுஷன் உருகிவிடுவார். வக்கீல் இதை ரெண்டே வருகையில் கண்டுபிடித்துவிட்டார். எந்த மீனுக்கு எந்த இரை என்பதுதானே அவர்களுக்குத் தெரிந்த வித்தை. மூத்தாரை டவுனுக்குக் கூட்டிப்போய், மாலை போட்டு, கிளப்புக்குத் தலைவராக்கிவிட்டார்கள். ஒரு சீமைத் தூண்டிலும் காக்கித் துணித் தொப்பியும் கொடுத்தார்கள்.

அன்றைக்குச் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தும் தொப்பியைக் கழற்றவில்லை. காதில் கடுக்கன், மேலே சட்டை கிடையாது, தலையில் தொப்பி.

"டாக்டரே எழுந்து நின்னாருடா," என்று தம்பியிடம் சொன்னார். "தலைவர் குந்தினாத்தான் நாங்க குந்துவோம்னுட்டாங்க."

"ஒனக்கு தூண்டில் போடத் தெரியுமாண்ணா?" என்று கேட்டார் என் வீட்டுக்காரர்.

"தலைவருக்கு அது இன்னாத்துக்கு?"

ஊருக்கும் ஒரு இரை வைத்தார்கள். மைக் செட். ஒவ்வொரு தீமிதிக்கும் வில்லியனூரிலிருந்து வாடகைக்கு எடுத்து வந்துகொண்டிருந்தோம். அதுவும் பாதிக் கூத்தில் கொரகொரத்து நின்றுவிடும். கிளப்பு கோயிலுக்கென்றே சொந்தமாக ஒரு மைக் செட்டும், பெரிய புனல் ஸ்பீக்கரும் வாங்கிக் கொடுத்தது. ஊர் இளவட்டங்கள் அதைச் சுற்றியே கிடந்தார்கள். பக்கத்து ஊருக்கெல்லாம் கேட்கிற மாதிரி "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று நாளெல்லாம் கத்திக்கொண்டிருந்தார்கள்.

அந்த வருஷத் தீமிதிக்கு மறுநாள் கோயில் வாசலில் கூட்டம். நானும் பெண்கள் பக்கம் நின்றிருந்தேன். மீன்கார அக்காவும் தள்ளி நின்றிருந்தாள். வக்கீல் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, அம்மனைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார். அவர் வெளியூர் ஆள். தட்டுக்கு எதிரில் உட்கார முடியாது. அதனால் நாங்கள் யாரும் அவரைப் பற்றிக் கவலைப்படவில்லை. மடுவைக் கேட்க ஊரில் யார் வரப்போகிறார்கள் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

மூத்தார் நாட்டாமை இடத்தில் உட்கார்ந்து தட்டை நடுவில் வைத்தார்.

"எதிர்ல யாருப்பா குந்தறது?" என்று பூசாரி கேட்டார்.

மூத்தார் எழுந்தார். தட்டைச் சுற்றி எதிர்ப்பக்கம் வந்தார். இடுப்பில் செருகியிருந்த தொப்பியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கூட்டம் கொல்லென்று சிரித்தது. நானும்தான் சிரித்தேன். அந்த மனுஷன் அப்படி இருந்தார். அவர் எங்கள் சிரிப்பைச் சட்டை செய்யவில்லை. மைக்கைப் பக்கத்தில் இழுத்தார்.

"நாட்டாமைங்கற முறையில மடுவ ஒம்போது வருசத்துக்கு கிளப்புக்குக் குடுத்தேன். கிளப்பு தலைவருங்கற முறையில நான் வாங்கிக்கினேன். இனிமே மடுவுல வலையும் போடக்கூடாது, கையும் போடக்கூடாது."

சொல்லிக்கொண்டே தட்டைத் தூக்கிவிட்டார். எங்கள் வாயில் சிரிப்பு இருக்கும்போதே தட்டு கைமாறிவிட்டது. ரெண்டு ஆளுக்கு நடுவில் தட்டு இருக்கிற அந்த நேரம்தான் ஊர் வாயைத் திறக்கிற நேரம். ரெண்டு ஆளும் ஒருவரே ஆனபோது நடுவும் இல்லை, நேரமும் இல்லை. இதை யோசித்தது மூத்தாராக இருக்க முடியாது. அவருக்கு அவ்வளவு மூளை கிடையாது. நாற்காலியிலிருந்தவர் இன்னமும் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தார்.

"இது செல்லுமா?" என்று ரெண்டு மூன்று பெரியவர்கள் பூசாரியைக் கேட்டார்கள். பூசாரி தலையைச் சொறிந்தார். "அம்மன் எதிர்ல தட்டு கைமாறிடுச்சே. நான் இன்னா சொல்றது?" என்றார். அவ்வளவுதான். ஒரு கேலிக்கூத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதற்கே கட்டுப்படுகிற ஊர் எங்கள் ஊர். உலகத்தில் வேறெங்காவது இப்படி உண்டா என்று எனக்குத் தெரியாது.

அக்கா என் பக்கம் வந்து, "கையுமா போடக்கூடாதுங்கறாரு?" என்று கேட்டாள். என்ன சொல்வது?

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகள் நாறிப்போயின. காலையில் கார் வந்துவிடும். தலைவர் வீடு என்பதால் எல்லாம் எங்கள் வீட்டில்தான். இரைக்கு மாவு பிசைய வேண்டும் என்பார்கள். மாவில் பெருங்காயம் போடுவார்கள், அழுகின கோழிக்குடலை நறுக்கிப் போடுவார்கள். பிசைவதற்கு என் அடுப்படியிலிருந்து பாத்திரம் எடுத்துப்போவார்கள். ஒருமுறை என் இட்லிக் குண்டானை எடுத்துப்போய் அதில் பிசைந்து, கழுவாமலே கொண்டுவந்து வைத்தார்கள். அன்றைக்கே அதைப் பழைய பாத்திரக்காரனிடம் போட்டேன். மதியம் கரையிலேயே பாட்டிலைத் திறந்துகொள்வார்கள். சாப்பிட்ட இலையிலேயே கையைத் துடைத்து, அதிலேயே துப்பி, அப்படியே விட்டுவிட்டுப் போவார்கள். போகும்போது, "அம்மா கைப்பக்குவமே தனி" என்று ஒரு சர்டிபிகேட் வேறு.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பிடிக்கிற மீனை அவர்கள் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பெரிய விரால் மாட்டினால் தூக்கிப் பிடித்து போட்டோ எடுப்பார்கள். கெளுத்தி மாட்டினால் முகத்தைச் சுளிப்பார்கள். முள் குத்தும், கவிச்சி அடிக்கும், டவுனில் யாரும் சாப்பிட மாட்டார்கள் என்பார்கள். தூண்டிலிலிருந்து பிடுங்கி வெயிலில் வீசிவிடுவார்கள். அவை துள்ளித் துள்ளி மணலை அப்பிக்கொண்டு சாகும். காக்காய் வந்து கண்ணைக் கொத்தும். அந்தக் கெளுத்தியில்தான் ஒரு குடிசை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஒருநாள் அக்கா அதைப் பொறுக்கப் போனாள். கிளப்பு போட்டிருந்த காவல்காரன், நம்ம ஊர் ஆள்தான், "கிளப்பு மீனத் தொடாத" என்று விரட்டினான்.

நான் வக்கீலிடம் நேராகவே கேட்டேன். "நீங்கதான் தூக்கி எறிஞ்சிட்டீங்களே, அவங்க எடுத்துக்கினா இன்னா?"

அவர் சிரித்தார். "இதெல்லாம் ஒரு ஒழுங்கும்மா. இன்னைக்கு செத்தத எடுப்பாங்க, நாளைக்கு உசுரோட இருக்கறத எடுப்பாங்க."

சிரிக்கும்போது அவர் பல்லிடுக்கில் நான் சமைத்த மீன் ஒட்டியிருந்தது.

அக்கா சும்மா இருக்கிறவள் இல்லை. கொஞ்ச நாள் கழித்து விடிகாலையில் இறங்கித் தடவியிருக்கிறாள். காவல்காரன் பிடித்து, பறியைப் பிடுங்கி, கரையில் கிளப்பு நட்டிருந்த பலகையில் மாட்டிவிட்டான். போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்க்கட்டும் என்று. அவளை எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"தட்டு மாத்தினது தெரியாதா ஒனக்கு?" என்றார் மூத்தார்.

"நீயே குடுத்த, நீயே வாங்கின. என் கைய்ய எப்ப கேட்ட?" என்றாள் அவள்.

அதற்குப் பதில் அவள் பக்கத்திலிருந்தே வந்தது. அந்த வாரம் குடிசைப் பக்கம் ஒரு குழந்தைக்கு அம்மை வார்த்துவிட்டது. இவள் மடுவில் கை வைத்ததால்தான் சாமி குத்தம் என்று அவளோடு சேர்ந்து தடவின பெண்களே பேசினார்கள். கூடப் பிறந்த தங்கச்சியே முகம் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு அக்கா மடுவில் இறங்கவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு கரும்பு வெட்டப் போனாள். அது இல்லாத நாளில் திருக்கனூர்ச் சந்தையில் கருவாடு எடுத்துத் தலைச்சுமையாக விற்றாள். ஆற்றங்கரையில் குடியிருந்துகொண்டு, கடல் கருவாடு விற்றாள்.

மூத்தாருடைய தலைவர் பதவி அடுத்த பொதுக்கூட்டம் வரைக்கும்தான். டவுனில் கூடி, ஒரு பாங்கு மேனேஜரைத் தலைவராக்கிவிட்டார்கள். இவருக்குச் சொல்லியும் அனுப்பவில்லை. வழக்கம்போலத் தொப்பியோடு கரைக்குப் போனவர் வேறு ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். சரி, இப்போதாவது புத்தி வரும் என்று பார்த்தேன். "வாக்கு வாக்குதான்" என்றார். தொப்பியை ஆணியில் மாட்டினாரே தவிரத் தூக்கி எறியவில்லை.

பிறகு மழை ஏமாற்றிய வருஷம் வந்தது. ஆற்றில் தண்ணீரே வரவில்லை. கோடையில் மடு நாளுக்கு நாள் சுருங்கியது. அந்த வெயிலில் கிளப்புக்காரர்கள் எட்டிப் பார்க்கவில்லை. தண்ணீர் குறையக் குறைய மீன் நெருக்கியடித்துக்கொண்டு மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. முன்பெல்லாம் இப்படி ஆனால் நாட்டாமை பறை அடிக்கச் சொல்லி ஊரையே இறக்கிவிடுவார். ஒவ்வொரு வீட்டிலும் குழம்பு கொதிக்கும், மிச்சம் கூரைமேல் காயும்.

இந்த முறை ஊர் கரையில் நின்று வேடிக்கை பார்த்தது.

"எறங்கிடலாமாப்பா?" என்று யாரோ கேட்டார்கள்.

"தட்டு மாத்தியிருக்குதே," என்று யாரோ சொன்னார்கள்.

மூத்தார் பஸ் ஏறி வக்கீலிடம் கேட்கப் போனார். கமிட்டி கூடித்தான் சொல்ல முடியும் என்றார் வக்கீல். கமிட்டி கூடுவதற்குள் மீன் சாக ஆரம்பித்துவிட்டது.

அந்த நாற்றத்தை என்னால் எழுத முடியாது. எழுதித்தான் ஆக வேண்டுமென்றால் இவ்வளவு சொல்கிறேன். சோற்றில் அது இருந்தது. துவைத்த புடவையில் அது இருந்தது. குடத்துத் தண்ணீரைக் குடித்தால் தொண்டையில் அது இருந்தது. மடு முழுக்க வெள்ளை வயிறாக மிதந்து, உப்பி, வெடித்து, புழு வைத்தது. நாய்கள்கூடப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பின. என் வீட்டுக்காரர் வாசலிலேயே வாந்தி எடுத்தார். மீனின் மேல் எனக்கு அருவருப்பு வரவில்லை. செத்தால் எதுவும் நாறத்தான் செய்யும். கையைக் கட்டிக்கொண்டு அதைப் பார்த்து நின்றோமே, அந்த எங்கள் மேல் வந்தது.

கொம்யூனிலிருந்து ஆள் வந்து சத்தம் போட்ட பிறகு, மீனையெல்லாம் அள்ளிப் புதைக்கச் சொல்லிக் காவல்காரனிடம் கிளப்பு சொல்லி அனுப்பியது. ஊரில் ஒருத்தரும் வரவில்லை. கடைசியில் காவல்காரன் அக்காவின் குடிசை வாசலில் போய் நின்றான். பலகையில் மாட்டிவைத்த பறி மக்கி உதிர்ந்து போயிருந்தது. அள்ளுவதற்கு ஒரு தகர டின்னைக் கொடுத்தான்.

அவளும் மகளும் காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் அள்ளினார்கள். முடித்துவிட்டு நேராக எங்கள் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள்.

"யம்மா, சோப்பு இருந்தா கொஞ்சம் குடு."

நான் முழுக் கட்டியையும் கொடுத்தேன். முழங்கை வரைக்கும் தேய்த்தாள், கழுவினாள், மோந்து பார்த்தாள். மறுபடியும் தேய்த்தாள். கட்டி கரைந்து சில்லாகிவிட்டது. மகள் கிணற்றடியில் குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தாள்.

"கைய்ய போடக்கூடாதுன்னாங்க இல்ல," என்றாள் அக்கா. "இன்னைக்கி அவங்களே போடச் சொன்னாங்க."

அவள் போன பிறகு மூத்தார் சாப்பிட வந்து உட்கார்ந்தார். எனக்கு எங்கேயிருந்துதான் அப்படி வந்ததோ. ஆணியிலிருந்து தொப்பியை எடுத்து அவர் மடியில் போட்டேன்.

"மாமா, இதப் போட்டுக்கினு அந்தாண்ட போய் குந்துங்க. கிளப்பு தலைவருக்கு வேணுமானா சோறு போடுறேன். நாட்டாமைக்கு இன்னைக்கி இந்த வூட்ல சோறு கெடையாது."

அதுவரைக்கும் நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசினதே இல்லை. மூத்தார் எழுந்து போய்விட்டார். கிளப்புக்காரர்களுக்கு நான் அதற்குப் பிறகு அடுப்பு மூட்டவில்லை. அவர்கள் டவுனிலிருந்தே கேரியரில் கொண்டுவந்து தின்றார்கள்.

ஒன்பது வருஷம் முடிந்தது. இனி விட்டது சனியன் என்று நான் தீமிதிக்கு மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு போனேன். மறுநாள் கோயில் வாசலில் மறுபடியும் தட்டு. மூத்தார் தளர்ந்துபோய் நாட்டாமைப் பட்டத்தை விட்டிருந்தார். புது நாட்டாமை உட்கார்ந்திருந்தார். எதிரில் கிளப்பு சார்பாக உட்கார்ந்தது காவல்காரன், ஊர் ஆள். வக்கீல் மைக்கைப் பிடித்தார். தலை நரைத்திருந்தது, குரல் குழைவாக இருந்தது.

"செத்து மிதந்த மீனைக்கூட ஒருத்தர் தொடலையே! இப்படி வாக்குச் சுத்தமான ஊரை நான் எங்கயும் பார்த்ததில்லை. உங்களை நம்பி எங்க கிளப்பு இன்னும் பதினைந்து வருஷத்துக்குக் கேட்குது."

புனல் ஸ்பீக்கரில் அது ஆற்றுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டிருக்கும். ஊர் கை தட்டியது. மீனை அழுக விட்டதற்காக ஒருவன் பாராட்டுகிறான், அதற்கு இவர்கள் கை தட்டுகிறார்கள். ஆம்பளைகளின் முகத்தைப் பார்த்தேன். எல்லாருக்கும் பெருமை.

இந்த முறை சுற்றி வந்து உட்கார்கிற கூத்தெல்லாம் இல்லை. ரெண்டு பக்கம் ரெண்டு ஆள், நடுவில் தட்டு, முறைப்படி. பூசாரி மூன்று தடவை கேட்டார். "யாருனா எதுனா சொல்லணுமா?" வெற்றிலை வெயிலில் வாடுகிற வரைக்கும் தட்டு நடுவிலேயே இருந்தது. ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த வாரம் அக்கா கருவாட்டுக் கூடையோடு வந்தாள். அவளுக்கு விஷயம் தெரிந்திருந்தது. ஆனாலும் என் வாயால் கேட்க வேண்டும் போல, "மறுபடியுமா யம்மா?" என்றாள்.

"பதினஞ்சு வருசம்க்கா."

கூடையை இறக்கினாள். நெத்திலியைக் கிளறி, நல்லதாக எடுத்து முறத்தில் போட்டாள். கூடையைத் தூக்கிச் சும்மாட்டில் வைத்துக்கொண்டு போகத் திரும்பியவள், படலைத் தாண்டும்போது நின்றாள்.

"மீன் செத்தா என்னத்தான் கூப்புடுவாங்க," என்றாள். "நீ சோப்பு மட்டும் வாங்கி வெச்சிரு."